நாய் நல்லாத்தான் இருக்கு

நாய்க்குச் சோற்றைச் சூடாக வைக்கக் கூடாது, சார். பல பேருக்கு இது தெரிவதில்லை. ஆறட்டும் என்று அது காத்திருக்காது. அவசரத்தில் விழுங்கி நாக்கைப் புண்ணாக்கிக்கொள்ளும். நான் நொய்யரிசியையும் கேழ்வரகு மாவையும் ஒன்றாகக் குழைய வேகவைத்து, அகலமான தாம்பாளத்தில் கொட்டி, விசிறி ஆறவைத்துத்தான் கூப்பிடுவேன். முந்தாநாள் காலையிலும் அப்படித்தான் கூப்பிட்டேன். ஒன்றும் வரவில்லை.

கொல்லைப் பக்கம் போய்ப் பார்த்தால் வேலியோரமாகக் கிடந்தன. சிமிட்டி, லோடு, டயர், கிழவி. எல்லாவற்றுக்கும் வாயில் நுரை. கிழவிக்குப் பல் கிடையாது, அதனால் பாதி ரஸ்க் வாயிலேயே நின்றிருந்தது. பருத்திக்கு அடிக்கிற மருந்தின் வாடை நம் பக்கத்தில் யாருக்குத் தெரியாது? நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சொல்ல வெட்கமில்லை. என் மனைவி வீட்டை விட்டுப் போனபோதுகூட நான் அப்படி அழவில்லை.

நீங்கள் செல்லதுரையை ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்து கேட்டீர்கள். "நான்தாங்க வச்சேன்" என்று ஒரே பேச்சில் ஒப்புக்கொண்டான். ஏன் வைத்தாய் என்றால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். வெளியே பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருக்கிறான். அதனால் என்னைக் கேட்கிறீர்கள், உங்கள் இரண்டு பேருக்கும் என்ன பகை என்று. பகையே இல்லை சார். அடுத்தடுத்த வீடு. ஒரு வரப்புத் தகராறு கிடையாது. காரணம் என்று அவன் ஒன்றை நினைத்துக்கொண்டிருக்கிறான். அதை நானே சொல்லிவிடுகிறேன், ரைட்டர் எழுதிக்கொள்ளட்டும். ஒன்றை எழுதி ஒன்றை விட்டால் என்னைப் பற்றித் தப்பான எண்ணம் வந்துவிடும். முழுதாக எழுதச் சொல்லுங்கள்.

என் பெயர் அமிர்தலிங்கம். சொந்த ஊர் கீழப்பழுவூர்தான். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டைம் ஆபீசில் இருந்தேன், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சுரங்க ரோட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கல் லாரிக்காரனுக்கு எத்தனை நடை என்பதுதான் கணக்கு. குறுக்கே நாய் வந்தால் பிரேக்கில் கால் வைக்க மாட்டான். டியூட்டி முடிந்து சைக்கிளில் வரும்போது, இடுப்பு உடைந்து, வெள்ளைப் புழுதி அப்பி, ரோட்டோரம் ஒரு ஜீவன் தலையைத் தூக்கிப் பார்க்கும். மற்றவர்களால் பார்த்துவிட்டுச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போக முடிந்தது. என்னால் முடியவில்லை. சாக்கில் சுற்றிக் கேரியரில் கட்டிக்கொண்டு வந்துவிடுவேன். மஞ்சள் அரைத்துப் போட்டு, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவேன். சில செத்துப்போகும். சில நொண்டியாகவாவது எழுந்து நிற்கும். எழுந்து நின்ற அன்றைக்கு அது நம்மைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அப்படி எந்த மனிதனும் என்னைப் பார்த்ததில்லை.

என் மனைவி சின்னம்மாளுக்கு இதெல்லாம் ஒத்துவரவில்லை. "நானா, நாயா, ஒண்ணு சொல்லுங்க" என்றாள். அந்தக் கேள்வியை அவள் கேட்டிருக்க வேண்டாம். இப்போது மீன்சுருட்டியில் அவள் அண்ணன் வீட்டில் சௌகரியமாக இருக்கிறாள்.

நாய்களுக்குப் பெயர் வைத்ததெல்லாம் சுகன்யா. செல்லதுரையின் மகள், ஒரே பிள்ளை. பாவாடை கட்டின காலத்திலிருந்தே வேலிச் சந்தில் நுழைந்து வந்துவிடுவாள். என்னைப் பெரியப்பா என்பாள். சிமெண்டு மூட்டை ஏற்றுகிற இடத்தில் கிடைத்தது சிமிட்டி. லாரியிலிருந்து விழுந்தது லோடு. ராஜா, மணி என்று நான் ஏதாவது சொன்னால் சிரிப்பாள். "ஊருல பாதி நாயி மணி பெரியப்பா. கூப்புட்டா மொத்தத் தெருவும் ஓடியாந்துரும்" என்பாள்.

கல் உடைக்கிற கிரஷர் பக்கம் எவனோ சாக்கில் கட்டிப் போட்டுவிட்டுப் போன இரண்டு குட்டிகளைத் தூக்கி வந்தேன். இரண்டும் ஒரே ஈற்று, ஒரே செவலை, இரண்டுக்கும் நெஞ்சில் ஒரே வெள்ளை. சுகன்யா தரையில் உட்கார்ந்து இரண்டையும் புரட்டிப் பார்த்து, "பெருசு கப்பி, சிறுசு ஜல்லி" என்றாள். கப்பி கடுவன், ஜல்லி பெட்டை. வளர்ந்தபிறகு உருவத்திலும் வித்தியாசம் இல்லை. கப்பிக்குச் சிவப்புப் பட்டையும் ஜல்லிக்குப் பச்சைப் பட்டையும் வாங்கிப் போட்டோம். பட்டை இல்லாமல் இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்கும் சுகன்யாவுக்கும்தான் தெரியும்.

தொண்ணூற்றேழில் பக்கத்து ஊரில் ஒரு வெறிநாய் சுற்றியது. கடித்தது ஒரு நாய். ஊர்க்காரர்கள் ஆள் வைத்து அடித்தது ஊரிலிருந்த அத்தனை நாயையும். கட்டிப்போட்டது, கட்டாதது, குட்டி போட்டது, எதையும் விடவில்லை. டிராக்டர் பெட்டியில் அள்ளிக்கொண்டு போனதை நான் கண்ணால் பார்த்தேன். ஒன்றுக்கு இன்னும் வால் ஆடிக்கொண்டிருந்தது. மேலே நின்றவன் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்த யாருக்குமே நான் செய்தது புரியும் என்று நினைக்கிறேன்.

தொண்ணூற்றெட்டு ஆடி மாதம். கப்பி காலையிலிருந்து கொல்லையில் குளிக்கக் கட்டின கீற்றுத் தடுப்பின் மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தது. மண்ணைக் கடித்தது. குரைத்தபோது குரல் உடைந்து வேறு மாதிரி வந்தது. தண்ணீர் வைத்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டது. கொஞ்ச நாளுக்கு முன்னால் காதில் கடியோடு அது வீட்டுக்கு வந்திருந்தது. கைவிட்ட சுரங்கக் குழிகளில் நரி நடமாட்டம் உண்டு. எனக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகம் என்பது வேறு, தெரிவது என்பது வேறு. இதை ரைட்டர் எழுத வேண்டும்.

நான் சுகன்யாவைக் கூப்பிட்டேன். அவள் கொடுத்தால் குடிக்கும் என்பதற்காகக் கூப்பிட்டேன். டைப்ரைட்டிங் ஹையர் படித்துக்கொண்டிருந்தாள், அரியலூருக்கு பஸ் பிடிக்கிற அவசரம். இருந்தாலும் வந்தாள். "என்னடா, வம்பு பண்றியாமே" என்று சொல்லிக்கொண்டே கிண்ணத்தோடு குனிந்தாள். நான் படலுக்கு இந்தப் பக்கம் நின்றேன். இரண்டு பேர் நின்றால் நாய் மிரளும். அது அவள் மணிக்கட்டைக் கவ்வியது. ஒரு கடிதான், விட்டுவிட்டது.

அவள் அழவில்லை. "ஒண்ணுமில்ல பெரியப்பா, பல்லு பட்டுருச்சு. அப்பாகிட்ட சொல்லிறாதீங்க, இவனத்தான் திட்டும்" என்றாள். நான் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டேன். நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். அது முக்கியம் என்று எனக்குத் தெரியும்.

காயத்தைப் பார்த்துவிட்டுச் செல்லதுரை அன்றைக்கே டவுன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். டாக்டர் சரியாகத்தான் சொன்னார். ஊசியை ஆரம்பித்துவிடலாம், நாயைப் பத்து நாள் கவனியுங்கள், பத்து நாளும் நாய் நல்லபடியாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, நாய்க்கு ஏதாவது ஆனால் உடனே வந்து சொல்லுங்கள் என்றார். நம் பக்கத்தில் நாய்க்கடி என்றால் எல்லோரும் செய்வது இதுதான். கடிபட்டவரைப் பார்ப்பதைவிட நாயைத்தான் அதிகம் பார்ப்பார்கள். அந்த ஊசி எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும், தொப்புளைச் சுற்றித் தினம் ஒன்று.

மறுநாள் பொழுது சாய்வதற்குள் கப்பி செத்துவிட்டது. கடைசியில் தாடை தொங்கி, எச்சில் ஒழுகி, என்னைக்கூட அடையாளம் தெரியாமல் போயிற்று. எனக்கு அது பெரிய வேதனை. வாயைத் துடைத்துவிட்டேன். சாக்கில் சுற்றி, பழைய சுரங்கக் குழியோரம் கொண்டுபோய் ஆழமாகப் புதைத்தேன்.

அங்கேயே உட்கார்ந்து யோசித்தேன். செல்லதுரையிடம் சொன்னால் அவன் டாக்டரிடம் சொல்வான். அதில் தப்பில்லை. அம்மாக்கண்ணு, அவன் மனைவி, ஊர் முழுக்கச் சொல்வாள். அவள் வாய் அப்படி. பொழுது விடிந்தால் தடியோடு வந்து நிற்பார்கள். என் நாய்கள் எல்லாம் ஒரே தாம்பாளத்தில் தின்றவை என்பது எல்லோருக்கும் தெரியும். சுகன்யாவுக்கோ ஊசி ஏற்கெனவே ஆரம்பித்தாயிற்று. அவளுக்கு மருந்து இருக்கிறது, நாய்களுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? அன்றைக்கு யோசித்தது இவ்வளவுதான். இன்றைக்கும் இதில் எங்கே பிசகு என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து சிவப்புப் பட்டையை ஜல்லிக்கு மாட்டினேன். கொல்லைக் கடைசியில் கீற்றுக் கொட்டகைக்குக் கீழே கட்டிப்போட்டேன். ஜல்லியை மீன்சுருட்டிக்கு மச்சான் வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னேன்.

செல்லதுரை தினம் காலையில் வேலியோரம் வந்து நிற்பான். ஆடு வளர்க்கிறவன், நாய் அவனுக்கு எல்லாம் ஒன்றுதான். நான் ஒரு ரஸ்க்கைத் தூக்கிப் போடுவேன். ஜல்லி எழுந்து வந்து தின்னும். கிண்ணத்தில் தண்ணீர் வைப்பேன், குடிக்கும். அதைப் பார்க்கப் பார்க்க அவன் முகம் தெளியும். "தின்னுதுண்ணே" என்பான். "தின்னுது" என்பேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டைப் பார்க்கப் போவான். நான் அவனிடம் ஒரு பொய் சொன்னதில்லை என்பதைக் கவனியுங்கள். அவன் கேட்டதெல்லாம் அந்த நாய் தின்கிறதா என்பதுதான். அது தின்றது.

இதற்கிடையில் கால்நடை டாக்டரை வரவழைத்து மற்ற எல்லா நாய்களுக்கும் தடுப்பூசி போட்டுவிட்டேன். வருஷா வருஷம் போடுவதுதான், இந்த முறை கொஞ்சம் முன்னால் போட்டேன்.

பத்து நாள் முடியக்கூட இல்லை, ஒரு நாள் செல்லதுரை வேலியோரம் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றான். சுகன்யாவுக்கு வயிறு கல் மாதிரி வீங்கிக் கிடந்தது. குனிய முடியவில்லை, டைப் மெஷினுக்கு முன்னால் உட்கார முடியவில்லை. ஆவணியில் பரீட்சை.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும்" என்றான். "புள்ள ரொம்ப அழுவுது. ராத்திரியெல்லாம் வவுத்தப் புடிச்சுக்கிட்டுக் கெடக்குது. நாயிதான் நல்லா இருக்குதே. ஊசிய நிறுத்திப்புடலாமாண்ணே? நீங்க நாயி பத்தி அறிஞ்சவரு. நீங்க சொன்னா சரி."

நான் யோசித்துத்தான் சொன்னேன். அதை நீங்கள் நம்ப வேண்டும். ஜல்லியைப் பார்த்தேன். அது கட்டிப்போட்ட இடத்தில் படுத்துக்கொண்டு என்னையே பார்த்தது. பின்னால் கிழவி வெயிலில் கிடந்தது. லோடு நொண்டிக்கொண்டு வந்து என் காலில் உரசியது.

"நாய் நல்லாத்தான் இருக்கு. அப்புறம் உன் இஷ்டம்" என்றேன்.

நிறுத்து என்று நான் சொல்லவில்லை. அவனைக் கூப்பிட்டுக் கேளுங்கள், அவனும் அப்படிச் சொல்ல மாட்டான். அவன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான். அத்தோடு ஊசியை நிறுத்திவிட்டார்கள்.

அதன்பிறகு ஒருநாள் சுகன்யாவை பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். நான் திருச்சி பஸ்ஸுக்கு நின்றிருந்தேன், அவள் அரியலூர் பஸ்ஸுக்கு. முகம் வெளுத்திருந்தது, ஆனால் பழைய சிரிப்பு வந்துவிட்டிருந்தது. "இனிமே வேலியத் தாண்டுனா காலை ஒடிப்பேன்னு அம்மா சொல்லிருச்சு பெரியப்பா. தூரத்துல இருந்துதான் பாக்குறேன். கப்பி ரொம்ப அடக்கமாயிட்டான்ல? கடிச்சது அவனுக்கே வெக்கமாப் போச்சு போல" என்றாள். பையிலிருந்து ஒரு ரஸ்க் பாக்கெட்டை எடுத்து என்னிடம் கொடுத்தாள். "இத அவனுக்குப் போடுங்க. எனக்குக் கோவமில்லன்னு சொல்லுங்க."

நான் வாங்கிக்கொண்டேன்.

"ஏன் பெரியப்பா அடிக்கடி திருச்சி போறீங்க? ஒடம்புக்கு என்ன?" என்று கேட்டாள்.

"மூட்டு வலி" என்றேன்.

"ஊசி கீசி போடுறேன்னா ஓடியாந்துருங்க" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே பஸ் ஏறினாள். படியில் நின்று கையாட்டினாள். மணிக்கட்டில் தழும்பு தெரிந்தது. இதைக் கேட்டுவிட்டு அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். ரைட்டரும் பேனாவை நிறுத்திவிட்டார். சொல்லலாம் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் பஸ் கிளம்பிவிட்டது. மேலும் அவ்வளவு நாள் கழித்துச் சொன்னால் ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்பார்கள்.

மூட்டு வலி இல்லை சார். கப்பியின் எச்சில் என் கையில் பட்டிருந்தது. விரலில் கீறலும் இருந்தது. கப்பியைப் புதைத்த மறுநாளே திருச்சிக்குப் போய்ப் பெரிய டாக்டரைப் பார்த்தேன். "நாய் செத்துப்போச்சா?" என்றுதான் அவர் முதலில் கேட்டார். "செத்துப்போச்சு" என்றேன். கையில் போடுகிற நல்ல ஊசி எழுதிக்கொடுத்தார். அது வயிற்று ஊசி மாதிரி வலிக்காது, சில நாள் விட்டு விட்டுப் போட்டால் போதும். ஒன்றையும் தவறவிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். நான் ஒன்றையும் தவறவிடவில்லை. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்த நாய்களுக்கு யார் சோறு வைப்பார்கள், சொல்லுங்கள்?

சுகன்யா பரீட்சையில் பாஸ் செய்தாள். அரியலூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். விடிந்ததும் போய் இருட்டினபிறகு வருவாள். புரட்டாசியிலும் நன்றாக இருந்தாள். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று நான் நிம்மதியாக இருந்தேன். கடிபட்ட எல்லோருமா சாகிறார்கள்? அரைகுறை ஊசியிலேயே பிழைத்தவர்கள் எத்தனையோ பேர். அந்த நம்பிக்கை எனக்கு இருந்தது.

தீபாவளிக்கு முன்னால் செல்லதுரை ஓடிவந்தான். "அண்ணே, புள்ளைக்கி டீத்தண்ணி எறங்கல. தண்ணியப் பாத்தாலே பதறுது. கொஞ்சம் வாங்கண்ணே" என்றான். போனேன். வாசலிலேயே அவள் மூச்சு கேட்டது. ஃபேன் காற்று படக்கூடாது என்று துணியை முகத்தில் சுற்றிக்கொண்டு சுவரோரம் குறுகியிருந்தாள். கடிபட்ட கை மதமதப்பாக இருக்கிறது என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். என்னைப் பார்த்ததும், "பெரியப்பா, எனக்கு என்னமோ பயமா இருக்கு" என்றாள். நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். எச்சில் படாமல் பார்த்துக்கொண்டேன்.

வேனில் ஏற்றித் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். நானும் கூடவே போனேன். செல்லதுரை தைரியமாக இருக்க வேண்டுமே. அங்கிருந்த டாக்டர் பார்த்தவுடன் கேட்டது நாய்க்கடி உண்டா என்றுதான். "கடிச்சுதுங்க. ஆனா அந்த நாயி இன்னும் உசுரோட இருக்குங்க. இந்தா, அண்ணனையே கேளுங்க" என்றான் செல்லதுரை. டாக்டர் என்னைப் பார்த்தார்.

"இருக்குங்க" என்றேன்.

அந்த நேரத்தில் உண்மையைச் சொன்னாலும் அவளுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அதுவும் எனக்குத் தெரியும். "வேற ஏதாவது நாய் கடிச்சிருக்கும், உங்ககிட்ட சொல்லாம விட்டிருப்பா" என்றார் டாக்டர். வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். திருமானூர் பாலத்தைத் தாண்டும்போது ஆற்றுத் தண்ணீர் கண்ணில் படாமலிருக்க அம்மாக்கண்ணு முந்தானையால் அவள் முகத்தை மூடிக்கொண்டாள். மறுநாள் காலையில் முடிந்துவிட்டது. அம்மாக்கண்ணு என்னிடம், "அது எந்த நாயின்னு ஒரு வார்த்த சொல்லாமப் போயிருச்சேங்க" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அவர்களுக்கு அந்தக் குழப்பம் இருந்ததில் ஒரு நன்மை உண்டு. யார் மேலும் கோபப்பட முடியாது.

காரியம் முடிந்தபிறகு செல்லதுரை மறுபடியும் வர ஆரம்பித்தான். வேலியோரம் நிற்கவில்லை, உள்ளேயே வந்து ஜல்லிக்குப் பக்கத்தில் குந்திக்கொள்வான். மடியிலிருந்து ரஸ்க் எடுத்துக் கையாலேயே ஊட்டுவான். "புள்ளைக்கி இதுன்னா உசுரு. ஊர்ல எல்லாரும் இதத்தாண்ணே சொல்றாங்க. பாவம், இது என்ன பண்ணுச்சு, பத்து நாளுக்கு மேலயும் நல்லாத்தானே இருந்துச்சு" என்பான். கப்பி கப்பி என்று கூப்பிடுவான். வர வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாயும் அவனிடம் பழகிவிட்டது.

இந்த மார்கழிக் கடைசியில் ஜல்லி குட்டி போட்டது. இதை நான் தடுத்திருக்க வேண்டும். கட்டியே கிடந்த நாய் என்று அசட்டையாக இருந்துவிட்டேன். வயிறு கனத்தது தெரிந்ததும் குளியல் தடுப்புக்குள் மாற்றினேன். உடம்பு சரியில்லை, எட்ட இருந்து பார் என்று செல்லதுரையிடம் சொன்னேன். ஒரு காலையில் நான் சோறு ஆறவைத்துக்கொண்டிருந்தபோது அவன் படலை விலக்கிப் பார்த்துவிட்டான். குட்டிகள் முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தன.

அப்படியே அதன் பக்கத்தில் குந்தினான். பிறகு, "கப்பி கடுவன்னுல்ல புள்ள சொல்லும்" என்றான்.

நான் பொய் சொல்கிறவன் இல்லை என்று சொன்னேன் அல்லவா. கேட்டான், சொன்னேன். இது ஜல்லி, கப்பி செத்துவிட்டது என்றேன். நாய்களைக் காப்பாற்ற எனக்கு வேறு வழியில்லை என்பதையும் பொறுமையாக விளக்கினேன். டிராக்டர் பெட்டியைப் பற்றிச் சொன்னேன்.  அவன் ஒன்றே ஒன்று கேட்டான்.

"அன்னிக்கு ஊசிய நிறுத்தட்டுமான்னு வந்து கேட்டேனேண்ணே. அன்னிக்கு இருந்துச்சா கப்பி?"

"இல்லை" என்றேன்.

மடியிலிருந்த ரஸ்க்கை எடுத்து ஜல்லிக்கு முன்னால் வைத்தான். எழுந்து போய்விட்டான். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, கை ஓங்கவில்லை. சரி, புரிந்துகொண்டான் என்று நினைத்தேன். இந்த மாதிரி மனதுக்குள் விஷத்தை வைத்திருப்பான் என்று எதிர்பார்க்கவில்லை.

ஜல்லிக்கும் குட்டிகளுக்கும் அவன் மருந்து வைக்கவில்லை. அவை இருந்த இடம் அவனுக்குத் தெரியும். அவசரத்தில் மறந்திருப்பான்.

இவ்வளவுதான் சார் நடந்தது. சுகன்யா சாவாள் என்று உனக்குத் தெரியுமா என்று நீங்கள் மறுபடியும் கேட்பதால் சொல்கிறேன். தெரியும். ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் சாவாள் என்று தெரிந்துதான் நாய் நல்லாத்தான் இருக்கு என்று சொன்னேன். அந்தப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நான் இங்கே வந்தது அதற்காக அல்ல. என் புகாரை முதலில் பதிவு செய்யுங்கள். அந்த நாய்கள் அவனை எத்தனை நாளாகப் பார்த்தவை, தெரியுமா? அவன் கையில் ரஸ்க் இருந்ததால் நம்பி ஓடியிருக்கும். நம்பி வந்த உயிரை முகத்துக்கு நேரே ஏமாற்றிச் சாகவிடுகிறவன் மனிதனே இல்லை, சார். அவனை வெளியே விடாதீர்கள்.